எக்ஸெல் வாங்கலாமா? – ஸ்பேர்ஸ் கடை அக்கா பதில்கள்

(ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் டூவீலர் உதிரிபாகக் கடை நடத்தும் அக்கா, டிவிஎஸ் எக்ஸெல் மொபெட் பற்றி வந்த வாசகர் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

காரைக்குடி வாசகி: அக்கா, வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். காலையில் 40 கிலோ வரை போகும். ஆட்டோ வாடகை கட்டுப்படியாகவில்லை. நான் ஐந்தடிக்கும் குறைவு. "ஸ்கூட்டர் வாங்கு, எக்ஸெல் ஆம்பளைங்க மூட்டை ஏத்துற வண்டி" என்கிறார் வீட்டுக்காரர். எதை வாங்கட்டும்?

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரை ஒருநாள் விடியற்காலையில் எங்கள் ஊர் மார்க்கெட்டுக்கு அனுப்பி வையுங்கள். முருங்கைக்காய்க் கட்டும் தக்காளிப் பெட்டியுமாக எக்ஸெல்லில் வந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேர் சேலை கட்டினவர்கள் என்று அவரே எண்ணிக்கொள்ளட்டும்.

ஸ்கூட்டர் மோசம் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் மட்டும் போய்வருவதென்றால் ஸ்கூட்டர்தான் சொகுசு. சேறு அடிக்காது, கைப்பையை சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் கேட்பது மாவுக்கு வண்டி. ஆக்டிவா, ஜூபிடர் எல்லாம் வெறும் வண்டியே நூற்றைந்து கிலோவை ஒட்டி வரும். எக்ஸெல் 100 தொண்ணூறுக்குள் அடங்கிவிடும். ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. கடை வாசலில் நெரிசலுக்கு நடுவே வண்டியைப் பின்னால் இழுக்கும்போது தெரியும், அதுவும் உங்கள் உயரத்துக்கு நன்றாகவே தெரியும். இன்னொன்று சக்கரம். ஸ்கூட்டருக்குப் பத்து இன்ச், பன்னிரண்டு இன்ச். எக்ஸெல்லுக்குப் பதினாறு. பாரத்தோடு பள்ளத்தில் விழுந்து ஏறும்போது பெரிய சக்கரம் அவ்வளவு தூக்கிப் போடாது. மாவுப் பாக்கெட் வெடித்து ஒழுகினால் நஷ்டம் உங்களுக்குத்தானே.

எக்ஸெல்லுக்குச் சுமை 130 கிலோ என்று கம்பெனி சொல்கிறது. ஓட்டுகிறவரும் அதில் சேர்த்தி. உங்கள் எடையும் 40 கிலோ மாவும் தாராளமாக அதற்குள் வரும். வீட்டுக்காரரும் பின்னால் ஏறிக்கொண்டால் வராது. அவரை நடந்து வரச் சொல்லுங்கள்.

ஷோரூமுக்குப் போகும்போது 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை நிரப்பி எடுத்துப் போங்கள். அது கிட்டத்தட்ட 40 கிலோ. முன்னால் கால் வைக்கிற பலகையில் ஒன்று, பின்னால் ஒன்று வைத்துக் கட்டி, நீங்களே வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். விற்பனைப் பையன் "நான் போட்டுத் தரேன்க்கா" என்று ஓடி வருவான், விடாதீர்கள். தினமும் காலையில் ஸ்டாண்ட் போடப்போவது அவன் இல்லை. கையால் தூக்கக் கூடாது. ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையில் ஒன்றாகப் படிந்த பிறகு, வலது காலால் உடம்பு எடை முழுவதையும் மிதியில் இறக்க வேண்டும். கை பின்பக்கக் கம்பியைச் சும்மா வழி காட்டினால் போதும். அப்படியும் ஏறவில்லை என்றால், கடைகளில் மாவை இறக்கிவிட்டு ஸ்டாண்ட் போடுகிற பழக்கம் உங்களுக்கு ஒத்துவருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பாரம் ஏற்றுவது மட்டும் வேண்டாம். ஒரு பக்கம் இறக்கினதும் வண்டி மறுபக்கம் படுத்துவிடும்.

மாடல் என்று பார்த்தால் ஹெவி டியூட்டியில் பின் சீட்டைக் கழற்றிக்கொள்ளலாம். உங்களுக்கு அதுதான். கம்ஃபர்ட் மாடல் ஆள் ஏறிப் போக வசதி. செல்ஃப் ஸ்டார்ட் வைத்ததே எடுங்கள். கடைக்குக் கடை நிறுத்தி நிறுத்திப் போகிற வேலை இது. கிக்கர் என்றால் இன்ஜினை அணைக்காமலே ஓடவிட்டு உள்ளே போவீர்கள். பெட்ரோலும் போகும், வண்டியும் திருட்டுப் போகும். பெட்ரோல் விலை உங்களுக்கே தெரியும், திருட்டு நான் பஜாரில் பார்த்தது.

பாரத்தில் முக்கால் பங்கு முன் பலகையில் இருக்கட்டும். பின்னால் உயரமாக அடுக்கினால் திருப்பத்தில் வண்டி உங்களை இழுக்கும். அதோடு பின் சக்கர ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாகத் தளரும். என் கடையில் எக்ஸெல்லுக்கு அதிகம் விற்பது இன்ஜின் சாமான் இல்லை. பின் சக்கர ஸ்போக்ஸ், பிரேக் ஷூ, டியூப், செயின் ஸ்பிராக்கெட். எல்லாம் பின்னால் ஏற்றின பாரத்துக்குக் கொடுக்கிற வரி.

திருவாரூர் வாசகர்: கம்பெனி சொல்கிற மைலேஜ் உண்மையில் கிடைக்குமா?

கிடைக்காது. எந்தக் கம்பெனி வண்டியிலும் கிடைக்காது. ஒற்றை ஆள், நாற்பதில் சீராக ஓட்டினால் எக்ஸெல் 100 லிட்டருக்கு அறுபதை ஒட்டித் தரும். மூட்டை ஏற்றினால் ஐம்பது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் நான்கு லிட்டர்தான், அதனால் சோதிப்பது சுலபம். வாய் வரை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொண்டு ஓட்டி, அதே பங்கில் மறுபடி வாய் வரை நிரப்புங்கள். ஓடின கிலோமீட்டரை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுங்கள். நூறு ரூபாய்க்குப் போட்டு எவ்வளவு தூரம் ஓடியது என்று பார்ப்பதெல்லாம் கணக்கே இல்லை.

பொள்ளாச்சி வாசகர்: 2019 மாடல் எக்ஸெல் 100 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரே ஓனர், மார்க்கெட் வேலைக்கு ஓடியது, மீட்டரில் 31,000 கிலோமீட்டர். 28,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? என்ன பார்த்து வாங்க வேண்டும்?

தம்பி, முதலில் மீட்டரை மறந்துவிடுங்கள். மார்க்கெட் வண்டிகளில் மீட்டர் கேபிள் அறுந்தால் யாரும் மாற்றுவதில்லை. விற்கிற வாரம்தான் என்னிடம் வந்து புதுக் கேபிள் வாங்கிப் போவார்கள். கேபிள் பளபளவென்று புதிதாக இருந்தால் 31,000 என்பது அந்த மீட்டருக்குத் தெரிந்த கணக்கு மட்டும்தான். வருடத்தைப் பாருங்கள், ஹேண்டில் கிரிப்பையும் கிக்கர் ரப்பரையும் பாருங்கள். அவை பொய் சொல்லாது.

சொல்லாமல் கொள்ளாமல் காலை ஆறு மணிக்குப் போங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே யாரோ ஸ்டார்ட் செய்து பழக்கி வைத்திருக்கிறார்கள். ஆறின இன்ஜின் எத்தனை உதையில் கிளம்புகிறது, கிளம்பினதும் சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இது ஃபோர் ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலக்காத இன்ஜின். ஆயில் புகை வரவே கூடாது. வந்தால் ரிங், வால்வு சீல் என்று வேலை இருக்கிறது.

பிறகு சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், பணம் கொடுப்பது நீங்கள். பின் கேரியரும் ஷாக் அப்சார்பரின் மேல் முனையும் சேஸிஸில், அதாவது வண்டியின் எலும்புக்கூட்டில், சேருகிற இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக ஓடியிருக்கும். பட்டறை வெல்டிங் குமிழ் குமிழாக இருக்கும், அதன் மேல் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கும். சுற்றிலும் பழைய தூசி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பளிச்சென்று பெயின்ட் தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கலாம். பாரத்தில் விரிந்த சேஸிஸுக்கு வைத்தியம் கிடையாது.

அது தப்பினால், சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் விரலை அசையாமல் வையுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் நெளிந்திருக்கிறது. சின்ன ஸ்பேனரால் ஸ்போக்ஸை வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமானது கணீரென்று கேட்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். பின் பல்சக்கரத்தின் மேல் கிடக்கிற செயினை இரண்டு விரலால் பின்னுக்கு இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் ஸ்பிராக்கெட் செட் மாற்ற வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஓரிடத்தில் பிடித்துப் பிடித்துப் போனால் ஹேண்டில் கழுத்தில் இருக்கிற பேரிங், அதாவது கோன் செட், போயிருக்கிறது. கடைசியாக, கனமான நண்பர் ஒருவரைப் பின்னால் வைத்து ஒரு மேட்டில் ஏற்றுங்கள். இன்ஜின் அலறி, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் ஷூ தேய்ந்துவிட்டது. இதெல்லாம் மாற்றக்கூடிய சாமான்கள்தான். ஒவ்வொன்றையும் விலையில் கழியுங்கள்.

2019 மாடலில் குறிப்பாகப் பார்க்க வேண்டியது இரண்டு இருக்கிறது. அந்த வருடம் ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான வண்டிகளில் ஒரு லீவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் நிற்கிற கூட்டு பிரேக் கட்டாயமானது. ஜனவரியில் செய்த வண்டியா, ஜூலையில் செய்த வண்டியா என்று ஆர்சி புக்கில் தயாரிப்பு மாதம் போட்டிருக்கும். பின்னது கிடைத்தால் நல்லது. இரண்டாவது இன்சூரன்ஸ். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கின புது வண்டிகளுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்தே கொடுத்தார்கள். 2019 வண்டிக்கு அது 2024-லேயே முடிந்துபோனது. முடிந்ததே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் நிறையப் பேர். புதுப்பித்த காகிதத்தைக் கையில் கேளுங்கள்.

சேஸிஸ் எண்ணை ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஃபைனான்ஸ் போட்டு வாங்கின வண்டி என்றால் ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கும். டியூ முடிந்ததற்குக் கடிதமும் ஃபைனான்ஸ் பெயரை நீக்குவதற்கான படிவம் 35-ம் வாங்காமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றிவிடுங்கள். "ஓட்டிக்கங்க, பேரு அப்புறம் பாத்துக்கலாம்" என்று வாங்கின வண்டி, ஒரு விபத்து நடந்தால் விற்றவரையும் வாங்கினவரையும் சேர்த்துக் கோர்ட்டுக்கு இழுக்கும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அபராதம் ஏதும் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

28,000-மா? மார்க்கெட்டில் ஓடின வண்டிக்கு அது அதிகம். டயர் இரண்டு, செயின் செட், இன்சூரன்ஸ், பெயர் மாற்றச் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கண் முன்னால் கழித்துக் காட்டுங்கள். பள்ளிக்கூட வாத்தியாரோ தபால்காரரோ ஓட்டின வண்டி அதே விலைக்கு வந்தால் பேரம் பேசாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேலம் வாசகி: பையனுக்கு 16 வயது. கியர் இல்லாத வண்டிக்கு 16 வயதிலேயே லைசென்ஸ் கிடைக்கும் என்கிறார்கள். டியூஷன் போக எக்ஸெல் வாங்கித் தரலாமா?

கூடாதும்மா. 16 வயதுக்குச் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டி. அந்தக் காலத்து டிவிஎஸ் 50-க்கு அது பொருந்தியது. இப்போதைய எக்ஸெல் 99.7 சிசி, அதற்கு 18 முடிய வேண்டும். சின்னப் பையன் ஓட்டி மாட்டினால் வழக்கு உங்கள் மேல் வரும். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸும் கிடைக்காது. 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடுகிற சின்ன பேட்டரி வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் வேகப் பூட்டைக் கழற்றிவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அப்படிக் கழற்றினால் அந்தச் சலுகையும் போய்விடும். டியூஷனுக்கு சைக்கிள் போதும்.

விருதுநகர் வாசகர்: ஷோரூமில் போட்டுக் கொடுத்த ஆன்ரோடு விலைக்கும் விளம்பர விலைக்கும் ஏகப்பட்ட வித்தியாசம். 40,000 கடன் வாங்கினால் 10 சதவீத வட்டிதான், மாதம் 2,000 என்கிறார்கள். நியாயமா?

வித்தியாசத்தில் பாதி நியாயம், பாதி கேட்க வேண்டியது. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் வரை விலையுள்ள டூவீலருக்கு ஆயுட்கால வரி 10 சதவீதம். 2023 நவம்பரிலிருந்து அப்படி. அதோடு பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ். இவை தவிர்க்க முடியாதவை. அதற்குக் கீழே "ஹேண்ட்லிங்", "லாஜிஸ்டிக்ஸ்" என்று ஒரு வரி இருந்தால், இது எந்தச் செலவுக்கு என்று நிதானமாகக் கேளுங்கள். கேட்டாலே பல இடங்களில் அந்த வரி மறைந்துபோகிறது. கிராஷ் கார்டு, சீட் கவர், நீட்டிப்பு வாரண்டி எல்லாம் உங்கள் விருப்பம். உங்கள் பெயரில் ஏற்கெனவே 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால் அதைக் காட்டி, இரண்டாவது முறை போடாமல் தவிர்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை நீட்டினால் வாங்காதீர்கள்.

கடனைப் பாருங்கள். 40,000-க்கு இரண்டு வருடத்துக்கு 10 சதவீதம் என்றால் வட்டி 8,000. மொத்தம் 48,000, மாதம் 2,000. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது ஃப்ளாட் வட்டி. ஒரு வருடத்தில் நீங்கள் பாதி அடைத்த பிறகும் முழு 40,000-க்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் இது வருடத்துக்கு 18 சதவீதத்தைத் தொடும். நகைக்கடனே இதைவிட மலிவு. கடன் கொடுக்கிறவர்கள் எல்லாச் செலவும் சேர்ந்த வருட வட்டியை ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேளுங்கள். எங்கள் மார்க்கெட்டில் சீட்டுப் பணத்தில் வண்டி எடுக்கிறவர்கள்தான் அதிகம். அதில் ஷோரூம்காரருக்குக் கமிஷன் இல்லை என்பதால் முகம் சுளிப்பார்.

கும்பகோணம் வாசகர்: எனக்கு 71 வயது. 2010-ல் வாங்கிய எக்ஸெல் சூப்பர் வைத்திருக்கிறேன். கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் தவிர வேறெங்கும் போவதில்லை. பிள்ளைகள் விற்றுவிடச் சொல்கிறார்கள். பழைய இரும்புக்காரர் 5,000 தருகிறேன் என்கிறார்.

ஐயா, 5,000-க்குக் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பழகின கை, லேசான வண்டி, குறைந்த ஓட்டம். புதிது வாங்கி இந்த வயதில் வேறு வண்டிக்குப் பழகுவதைவிட இதையே சரிசெய்து வைத்துக்கொள்வதுதான் உசிதம். சூப்பர் 70 சிசி டூ ஸ்ட்ரோக். புகை விதிகள் கடுமையானதும் உற்பத்தி நின்றுவிட்டது, சாமான் இன்னும் கிடைக்கிறது. என் கடையிலேயே பிஸ்டன் செட்டும் கேபிள்களும் தொங்குகின்றன.

ஆனால் காகிதத்தைப் பாருங்கள். ஆர்சி 15 வருடத்துக்குத்தான் செல்லும். உங்களுடையது 2025-ல் முடிந்திருக்க வேண்டும். ஆர்டிஓவில் வண்டியைக் காட்டி, பசுமை வரியும் கட்டணமும் கட்டினால் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். புதுப்பிக்காமல் ஓட்டி ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்க அது ஒன்று போதும். உங்கள் லைசென்ஸையும் எடுத்துப் பாருங்கள். 55 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும்.

வண்டியில் இழுவை குறைந்திருந்தால் இன்ஜினைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். முதலில் சைலன்சரைக் கழற்றிக் கார்பனை எடுக்கச் சொல்லுங்கள். குறைந்த தூரம், குறைந்த வேகம் ஓடுகிற டூ ஸ்ட்ரோக்கில் அடைத்துக்கொள்வது அதுதான். பெட்ரோலில் கலக்கிற 2டி ஆயில் லிட்டருக்கு 20 மில்லி, அதற்கு மேல் "பாதுகாப்புக்கு" என்று ஊற்ற வேண்டாம். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலப்பு அதிகம், அது ஈரத்தை இழுக்கும். பத்து நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுப் போங்கள். கார்புரேட்டர் காய்ந்து கிடப்பது நல்லது.

தாராபுரம் வாசகர்: பால் ஊற்றுகிறேன். தினம் அறுபது கிலோமீட்டர். பேட்டரியில் வருகிற இ-லூனா நல்லதா, எக்ஸெல் நல்லதா?

பழைய லூனா 1972-ல் வந்தது, டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து 1980-ல் வந்தது. அந்தப் போட்டி இப்போது வேறு வேஷத்தில் திரும்பியிருக்கிறது. இ-லூனா 2024 பிப்ரவரியில் வந்தது. 2 யூனிட் கொள்கிற பேட்டரி, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், ஒரு சார்ஜுக்கு 110 கிலோமீட்டர் என்பது கம்பெனி கணக்கு. சுமையோடு எழுபது என்று வைத்துக்கொண்டால்கூட உங்கள் அறுபது அடங்கிவிடும், ஆனால் மிச்சம் அதிகம் இருக்காது. வழியில் உறவுக்காரர் வீடு, வயல் என்று சுற்றுகிறவர் என்றால் தவிப்பீர்கள்.

செலவைப் பாருங்கள். மாதம் 1,800 கிலோமீட்டர். எக்ஸெல் லிட்டருக்கு ஐம்பது தந்தால் 36 லிட்டர், கிட்டத்தட்ட 3,600 ரூபாய். இ-லூனாவுக்கு மாதம் அறுபது யூனிட் சொச்சம் மின்சாரம், ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். மாதம் மூவாயிரம் மிச்சம். ஓட்டம் அதிகம் உள்ளவருக்குத்தான் பேட்டரி வண்டி லாபம், கும்பகோணத்து ஐயாவுக்கு இல்லை.

ஆனால் உங்கள் பாலை எடை போட்டீர்களா? 40 லிட்டர் கேன் நிரம்பினால் பால் மட்டும் 41 கிலோ, கேனோடு ஐம்பதை ஒட்டும். இரண்டு கேன் நூறு. உங்களையும் சேர்த்தால் 160-ஐத் தாண்டும். இ-லூனாவுக்குச் சொல்கிற 150-க்கும் மேல், எக்ஸெல்லின் 130-க்கும் மேல். ஊரில் எல்லாரும் ஏற்றுகிறார்கள் என்பீர்கள். ஏற்றுகிறார்கள், எனக்கு ஸ்போக்ஸ் வியாபாரமும் ஆகிறது. ஒரு கேனாக இரண்டு நடை போக முடியுமா பாருங்கள். அரை கேன் பாலோடு போவதும் ஆபத்துதான். பிரேக் பிடிக்கும்போது பால் முன்னால் மோதி வண்டியைத் தள்ளும். கேன் முழுதாக இருக்கட்டும், அல்லது சின்னக் கேன்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முடிவு என்ன என்றால், தாராபுரத்திலேயே இ-லூனாவுக்கு சர்வீஸ் இருந்து, வீட்டில் ராத்திரி நான்கு மணி நேரம் தடையில்லாமல் கரண்ட் இருந்தால் அதை எடுங்கள். சர்வீஸுக்கு வண்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேறு ஊர் போக வேண்டும் என்றால் எக்ஸெல்லே போதும். எக்ஸெல் நின்றால் புளியமரத்தடி மெக்கானிக்கும் கிளப்பிவிடுவார். பால் காத்திருக்காது.

தாண்டிக்குடி வாசகர்: மலைத் தோட்டத்துக்கு எக்ஸெல் ஆகுமா?

ஏறுவது பிரச்சினை இல்லை தம்பி, தனியாளாக மெதுவாக ஏறிவிடும். இறங்குவதுதான். இதற்கு ஒரே கியர். செகண்ட் கியரில் போட்டு இன்ஜினைப் பிடிக்கவைத்து இறங்குகிற வழி இல்லை. மொத்த வேலையும் இரண்டு டிரம் பிரேக் மேல் விழும். மிளகு மூட்டையோடு இறங்கினால் ஷூ சூடேறிப் பிடிப்பு போய்விடும். உங்கள் ரோட்டுக்கு கியர் வண்டி வாங்குங்கள்.

மதுரை வாசகி: ஆடியில் சலுகை தருகிறார்கள். மாமியார் ஆவணி வரை பொறு என்கிறார். எப்போது எடுக்க?

ஆடியில் பணம் கட்டிச் சலுகை விலையை ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் டெலிவரி எடுங்கள். பல ஷோரூம்களில் ஒப்புக்கொள்வார்கள், அவர்களுக்கும் மாமியார் உண்டு. ஆடி, ஆவணியைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டிய மாதம் டிசம்பர். வருடக் கடைசிச் சலுகை என்று கொடுக்கிற வண்டி எப்போது செய்தது என்று பாருங்கள். ஆர்சியில் தயாரிப்பு மாதமும் வருடமும் ஏறும், பின்னால் விற்கும்போது அந்த வருடத்தை வைத்துத்தான் விலை பேசுவார்கள். ஜனவரியில் எடுத்த வண்டிக்கு முந்தைய வருட மாடல் என்று பேர் வந்தால் இரண்டாயிரம் மூவாயிரம் போகும். டெலிவரி அன்றைக்கு ஹெல்மெட் வாங்க மறக்காதீர்கள். வண்டியோடு தர வேண்டியது அது, பில்லில் தனியாக விலை போட்டிருந்தால் கேளுங்கள்.